பைப் டேப்பர் மரை: 32ஆல் வகுக்கத் தெரிந்தவருக்குக் கசியாது

கசிகிற இணைப்பைக் காட்டினால் பிளம்பர் பெரும்பாலும் ஒரே மருந்துதான் சொல்வார்: “இன்னும் நாலு சுத்து டெஃப்ளான் சுத்துங்க, நின்னுடும்.” சில நேரம் நிற்கவும் செய்யும். ஆனால் மரையே கோணலாக வெட்டியிருந்தால் எத்தனை சுற்று சுற்றினாலும் அது கசிவைத் தள்ளிப்போடுகிற வேலைதான். இங்கே நான் சொல்லப்போவது அதற்கு முந்தைய கட்டம், லேத்தில் அந்த மரையை வெட்டும்போது கவனிக்க வேண்டியவை.

முழுக்க அரை இஞ்ச் பிஎஸ்பிடி மரையையே, அதாவது பிரிட்டிஷ் டேப்பர் பைப் மரையையே எடுத்துக்கொள்கிறேன். நம் ஊர் ஜிஐ பைப்பிலும் வால்விலும் பம்ப் பாகங்களிலும் புழங்குவது இந்தக் குடும்பம்தான். இந்தியத் தர எண் ஐஎஸ் 554, உலகத் தர எண் ஐஎஸ்ஓ 7. மற்ற சைஸ்களுக்கு எண்கள் மாறும், முறை மாறாது.

எங்கே அடைக்கிறது, எங்கே கசிகிறது

டேப்பர் மரை கூம்பு மாதிரி, நீளம் 16 மி.மீ. போனால் விட்டம் 1 மி.மீ. கூடும். பிஎஸ்பிடிக்கும் அமெரிக்க டேப்பர் பைப் மரையான என்பிடிக்கும் இதில் வித்தியாசம் இல்லை. ஆண் மரை பெண் மரைக்குள் போகப்போக ஆப்பு மாதிரி இறுகி, இரண்டின் சரிவுப் பக்கங்களும் ஒன்றோடொன்று அழுந்துகின்றன. அடைப்பின் பெரும்பகுதி அங்கேதான் நடக்கிறது.

மீதி இருப்பது ஆண் மரையின் உச்சிக்கும் பெண் மரையின் அடிக்கும் நடுவில் இருக்கிற மெல்லிய இடைவெளி. உள்ளேயிருந்து வெளியே வரை மரையோடு சேர்ந்து சுற்றிச் சுற்றி ஓடுகிற ஒரு சந்து அது. தண்ணீர் அந்தச் சந்தில் நடந்தே வெளியே வந்துவிடும். அதை நிரப்பத்தான் டெஃப்ளான், சணல் நார், பேஸ்ட் எல்லாம். மரை எவ்வளவு நன்றாக இருந்தாலும் பிஎஸ்பிடிக்கு இவற்றில் ஒன்று வேண்டும். என்பிடிஎஃப் என்று ஒரு வகை உண்டு. அதில் உச்சியும் அடியும் நசுங்கி அந்தச் சந்தையும் மூடிவிடும்படி அளவுகள் வைத்திருப்பார்கள். அது தனிக் கதை.

ஆக, டெஃப்ளான் மூடக்கூடியது அந்த ஒரு சந்தை மட்டும். சரிவுப் பக்கத்தில் கிழிசல் இருந்தால், கோணம் தப்பினால், டேப்பர் தப்பினால் அது கைவிட்டுவிடும்.

மரையின் அளவு ஓர் இடம்

புதிதாக வருகிறவர்கள் குழம்புவது இங்கேதான். “அரை இஞ்ச் மரைக்கு வெர்னியர்ல என்ன அளவு வரணும்ணே?” என்று கேட்பார்கள். டேப்பரில் எங்கே பிடித்து அளப்பது? ஒவ்வொரு புள்ளியிலும் ஒரு விட்டம்.

தரம் சொல்வது இப்படி: மரையின் வெளி விட்டம் 20.955 மி.மீ. ஆக இருக்கும் இடம், பைப்பின் முனையிலிருந்து 8.2 மி.மீ. உள்ளே இருக்க வேண்டும். அந்த இடத்துக்கு கேஜ் தளம் என்று பெயர். ஒரு சுற்று, அதாவது 1.8 மி.மீ., முன்னே பின்னே இருக்கலாம். 6.4இலிருந்து 10.0 வரை எங்கே நின்றாலும் பாஸ்.

ஒரு சுற்று என்றால் தாராளமாகத் தோன்றும். விட்டத்தில் பாருங்கள்: 1.8ஐ 16ஆல் வகுத்தால் 0.11 மி.மீ. கிராஸ் ஸ்லைடில் (டூலை பைப்பை நோக்கி உள்ளே தள்ளும் பகுதியில்) நாம் கொடுக்கும் வெட்டு ஒரு பக்கத்துக்கு மட்டும் என்பதால் அதில் பாதி. டயலில் 0.05 அதிகமாகத் திருப்பிவிட்டால் மரை 1.6 மி.மீ. நகர்ந்துவிடும், அனுமதி கிட்டத்தட்ட காலி.

ஒரு பக்கத்துக்கு மட்டும் பார்த்தால் நீளத்தை 32ஆல் வகுத்தது வெட்டு, வெட்டை 32ஆல் பெருக்கியது நீளம். டேப்பர் செட்டிங்கில், டெயில் ஸ்டாக்கில் (பைப்பின் மறு முனையைத் தாங்கும் பகுதியில்), சிஎன்சி (கம்ப்யூட்டர் லேத்) புரோகிராமில், கேஜ் வைத்துச் சரிசெய்வதில் என்று எல்லா இடத்திலும் இந்த 32 வரும்.

முதலில், இது எந்த மரை?

பிஎஸ்பிடியின் கோணம் 55 டிகிரி. ஜோசப் விட்வொர்த் 1841இல் முன்வைத்த மரை வடிவத்தின் வாரிசு. என்பிடியின் கோணம் 60 டிகிரி. அமெரிக்காவில் ராபர்ட் பிரிக்ஸ் வகுத்த அளவுகளிலிருந்து வந்தது.

கால் இஞ்சில் பிஎஸ்பிடிக்கு இஞ்சுக்கு 19 மரை, என்பிடிக்கு 18. ஒரு இஞ்சில் 11, பதினொன்றரை. மாற்றிப் போட்டால் கொஞ்ச தூரத்திலேயே முட்டிக்கொள்ளும், தெரிந்துவிடும். வில்லங்கம் அரை இஞ்சிலும் முக்கால் இஞ்சிலும்தான். இரண்டு வகைக்கும் இஞ்சுக்கு 14. விட்டத்தில் சிறு வித்தியாசம், கோணத்தில் 5 டிகிரி வித்தியாசம். ஒன்றுக்குள் மற்றது சில சுற்று அழகாக ஏறி, ரென்ச் போட்டால் இறுகியும் நிற்கும். ஆனால் சரிவுப் பக்கங்கள் முழுதாக உட்காராமல் ஒரு கோட்டில்தான் தொட்டிருக்கும். வெளிநாட்டு ரெகுலேட்டர் ஒன்றுக்கு நானே இப்படி ஒரு நிப்பிள் போட்டுக் கொடுத்து, டெஃப்ளானைக் குறை சொல்லிக்கொண்டு அரை நாள் ஓட்டியிருக்கிறேன். மாதிரி கையில் வந்ததும் 55, 60 இரண்டு மரை கேஜ் இலைகளையும் வைத்து வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பாருங்கள். ஒன்றில் வெளிச்சம் கசியும்.

இன்னொன்று ‘ஜி’ என்று குறித்திருக்கும் இணை மரை. அதே விட்டம், அதே 14 மரை, டேப்பர் மட்டும் கிடையாது. அது வாஷரில் அல்லது ஓ-ரிங்கில் அடைக்க வேண்டியது. மரையில் அடைக்கும் என்று நம்பி டேப்பர் துளைக்குள் ஏற்றாதீர்கள். டேப்பர் ஆண் மரையை, அடைப்புக்கென்றே வெட்டிய இணைப் பெண் மரைக்குள் ஏற்றுவதற்கு பிஎஸ்பிடி தரத்தில் அனுமதி உண்டு. ஜிஐ சாக்கெட்டுகள் பலவும் அப்படித்தான்.

டூல்

55 டிகிரி டூல்தான் வேண்டும். “60 டிகிரி டூல் இருக்கு, அதிலேயே ஓட்டிடலாம்” என்பது பட்டறைகளில் நடக்கிற பெரிய பாவம். டூலின் மூக்கு ரேடியஸ், பிட்ச்சில் (ஒரு மரைக்கும் அடுத்ததற்கும் உள்ள தூரத்தில்) 0.137 பங்கு. பிட்ச் 1.814 என்பதால் கால் மில்லிமீட்டர். கூர் மூக்கோடு வெட்டினால் அடி ஆழமாகப் போய் அந்தச் சந்து பெரிதாகும். உச்சியையும் சேர்த்து வெட்டும் முழு வடிவ இன்சர்ட் கிடைத்தால் நல்லது.

மூக்கு சரியாக சென்டர் உயரத்தில் இருக்க வேண்டும். இதைவிட முக்கியம், டூல் பைப்பின் அச்சுக்குச் செங்குத்தாக நிற்க வேண்டும், டேப்பர் பரப்புக்கு இல்லை. டேப்பர் கடைந்த முகத்தில் சென்டர் கேஜைச் (டூலை நேராக நிறுத்த உதவும் தகட்டைச்) சாய்த்து டூலை செட் செய்தால் டேப்பரின் ஒரு பக்கச் சாய்வான 1°47′ கோணல் வந்து, ஒரு பக்கச் சரிவு படுத்தும் மறு பக்கம் நிமிர்ந்தும் போகும். கேஜை எப்போதும் பைப்பின் உருளைப் பகுதியில் வையுங்கள்.

டேப்பர் வரவைப்பது

இங்கே என் தொடக்க காலக் கூத்து ஒன்றைச் சொல்ல வேண்டும். காம்பவுண்ட் ஸ்லைடை (கிராஸ் ஸ்லைடின் மேல் உள்ள, திருப்பக்கூடிய சின்ன ஸ்லைடை) 1°47′ திருப்பி, முனையை அழகாக டேப்பர் கடைந்தேன். அப்புறம் வழக்கம்போல லீட் ஸ்க்ரூவில், அதாவது டூலைச் சுமக்கும் கேரேஜை இழுக்கிற திருகில், மரை ஓட்டினேன். பார்வைக்கு அச்சு அசல் டேப்பர் மரை. நாற்பது நிப்பிள். எல்லாம் கசிந்தது. மேஸ்திரி ஒன்றை எடுத்து நகத்தால் மரையின் அடியைத் தடவிவிட்டு, “தம்பி, தொப்பிக்குத்தான் டேப்பர் போட்டிருக்க, தலைக்குப் போடலையே” என்றார். உச்சி டேப்பரில் போகிறது, அடி இணையாகப் போகிறது. மரை வெட்டும்போது கேரேஜ் நகர்கிறதே தவிர காம்பவுண்ட் நகர்வதில்லை. அதைச் சாய்த்து வைத்து மரைக்கு ஒரு பயனும் இல்லை.

வழிகள் மூன்று.

நல்லது டேப்பர் அட்டாச்மென்ட், கேரேஜ் ஓடும்போதே டூலைத் தானாகப் பின்னுக்கு இழுக்கிற துணைக் கருவி. அதன் அளவுக் கோட்டை நம்பாதீர்கள். சென்டர்களுக்கு நடுவே ஒரு நேர் மான்ட்ரலை (நேரான உருளைக் கம்பியை) போட்டு, டூல் போஸ்ட்டில் டயல் கேஜ் கட்டி, கேரேஜை 80 மி.மீ. நகர்த்துங்கள். 80ஐ 32ஆல் வகுத்தால் 2.5. டயல் சரியாக 2.50 காட்டும் வரை அட்டாச்மென்ட்டைத் திருத்துங்கள். சாதா வகை அட்டாச்மென்ட்டில் கிராஸ் ஸ்லைடு ஸ்க்ரூவைக் கழற்றிவிட்டிருப்போம். அப்போது காம்பவுண்டை 90 டிகிரியில் வைத்து அதில்தான் வெட்டுக் கொடுக்க வேண்டும். எந்த அட்டாச்மென்ட்டிலும் கொஞ்சம் ஆட்டம் இருக்கும். அதனால் ஒவ்வொரு ஓட்டத்தையும் ஜாபுக்கு (வெட்டுகிற பொருளுக்கு) 10–15 மி.மீ. வெளியே இருந்தே தொடங்குங்கள். இல்லையென்றால் ஆட்டம் தீரும் வரை முதல் ஒன்றிரண்டு மரை இணையாகவே விழும்.

அட்டாச்மென்ட் இல்லையென்றால் டெயில் ஸ்டாக்கைத் தள்ளி வைப்பது. தள்ள வேண்டிய தூரம், சென்டர்களுக்கு நடுவே உள்ள மொத்த நீளத்தை 32ஆல் வகுத்தது, 320 மி.மீ. ஜாபுக்கு 10 மி.மீ. ஜாபின் நீளம் கொஞ்சம் மாறினாலும் டேப்பர் மாறும் என்பதால் ஒன்றிரண்டு பீஸுக்குத்தான் இது ஒத்துவரும். இங்கே ஜாபே சாய்ந்து நிற்கிறது. ஆகவே டூலையும் ஜாபின் உருளைப் பகுதியை வைத்தே சாய்த்து செட் செய்ய வேண்டும்.

மூன்றாவது சிஎன்சி. அதைப் பின்னால் சொல்கிறேன். கேரேஜ் ஓடும்போதே கிராஸ் ஸ்லைடைக் கையால் பின்னுக்கு இழுத்து டேப்பர் கொண்டுவருகிற தைரியசாலிகளும் உண்டு. வித்தையாகப் பார்க்கலாம், கேஸ் லைனுக்கு வேண்டாம்.

பைப்பைப் பிடிப்பது

15 மி.மீ. (அதாவது அரை இஞ்ச்) ஜிஐ பைப்பின் வெளி விட்டம் சுமார் 21.3. மீடியம் வகையின் கனம் 2.6 மி.மீ. மரை வெட்டிய பிறகு முனையில் எவ்வளவு மிஞ்சும்? முனையில் உச்சி விட்டம் 20.44, இரு பக்கமும் 1.162 ஆழம் போனால் அடி விட்டம் 18.12. பைப்பின் உள் விட்டம் 16.1. மிஞ்சுவது ஒரு பக்கம் 1 மி.மீ. மட்டும். 2 மி.மீ. கனமுள்ள லைட் பைப் என்றால் 0.4தான். ரென்ச் போட்டு இறுக்கினால் அப்படியே உள்ளே மடங்கும். லைட் பைப்பில் மரை போடச் சொன்னால் நான் முதலில் அந்தக் கணக்கைச் சொல்லிவிடுவேன்.

மூன்று தாடை சக்கில் பைப்பை ஓங்கி இறுக்கினால் அது முக்கோணமாக நசுங்கும். வெட்டும்போது வட்டம், கழற்றியதும் மூன்று மேடு. உள்ளே ஒரு பிளக்கைச் செருகிவிட்டுப் பிடியுங்கள்.

வெட்டுவது

முதலில் வெறும் டேப்பர்: அதே டேப்பர் செட்டிங்கில் முனையில் 20.44, அங்கிருந்து 13.2 மி.மீ. தள்ளி 21.27 வரும்படி கடையுங்கள். 13.2தான் பயன்படும் மரையின் நீளம். அதற்குமேல் விட்டம் பைப்பின் சொந்த விட்டத்தோடு கலந்துவிடும். அங்கே மரை மங்கி முடிவது இயல்பு. முனையில் சேம்ஃபர் (ஓரச் சரிவு).

கியர் இஞ்சுக்கு 14 மரை. லீட் ஸ்க்ரூ மெட்ரிக் என்றால் ஹாஃப் நட்டை (கேரேஜை லீட் ஸ்க்ரூவோடு பிணைக்கும் நட்டை) திறக்கவே திறக்காதீர்கள். ஓட்டம் முடிந்ததும் டூலை வெளியே எடுத்து, மோட்டாரைத் திருப்பி ஓட்டிப் பழைய இடத்துக்கு வாருங்கள். நேரம் பிடிக்கும், மரை தப்பாது.

வேகம் குறைவாக, கட்டிங் ஆயில் தாராளமாக. ஸ்டெயின்லெஸ் என்றால் இன்னும் தாராளமாக. கிழிந்த சரிவுப் பக்கத்தை எந்தப் பேஸ்ட்டும் முழுதாக மூடுவதில்லை.

வெட்டுகளை நான் இப்படிக் கொடுப்பேன்: 0.25, 0.20, 0.15, 0.12, 0.10, 0.08, 0.07, அப்புறம் 0.05 இரண்டு முறை. கூட்டினால் 1.07. முழு ஆழம் 1.162. இங்கே நிறுத்துங்கள். மிச்சத்தை டயல் முடிவுசெய்யாது, கேஜ்தான் முடிவுசெய்யும்.

கேஜ் பேசுவதைக் கேட்பது

மரையை பிரஷ்ஷால் சுத்தம் செய்து, பிசிறு எடுத்து, ரிங் கேஜை (உள்ளே சரியான மரை உள்ள அளவு வளையத்தை) கையால் மட்டும் ஏற்றுங்கள். தானாக நிற்கிற இடத்தில் விடுங்கள். பைப்பின் முனை கேஜின் படிகளுக்கு (அனுமதியின் இரு எல்லைகளுக்கு) நடுவில் வர வேண்டும்.

ஆழத்தில் இன்னும் 0.09 பாக்கி இருப்பதால் கேஜ் ஏறத்தாழ 2.9 மி.மீ. முன்னாலேயே நிற்கும். அந்தக் குறையை அளந்து 32ஆல் வகுங்கள். 2.9 என்றால் 0.09, 1.6 என்றால் 0.05. அவ்வளவுதான் அடுத்த வெட்டு. அதிலும் பாதியை முதலில் கொடுத்து, மறுபடி கேஜ் வைப்பது என் பழக்கம். அதிகமாக வெட்டிய மரையைத் திரும்ப ஒட்டவைக்க வழியில்லை. முனையை அறுத்துவிட்டு முதலிலிருந்து வர வேண்டும்.

நின்ற கேஜை மெல்ல ஆட்டிப் பாருங்கள். முழு நீளத்திலும் பிடிப்பு இருந்தால் ஆடாது. பைப்பின் முனைப் பக்கம் லூசாகவும் பின்பக்கம் இறுக்கமாகவும் இருந்தால் டேப்பர் அதிகம். முனையில் பிடித்துப் பின்னால் ஆடினால் டேப்பர் குறைவு. அட்டாச்மென்ட்டின் ஆட்டம் தீராமல் தொடங்கியிருந்தாலும் இப்படித்தான் ஆடும். படியில் சரியாக நின்றாலும் ஆடுகிற மரை கசியும்.

கடையில் வாங்கிய சாக்கெட்டை கேஜாக வைத்துக்கொள்கிறவர்கள் உண்டு. சாக்கெட்டுக்கும் தனி அனுமதி இருக்கிறது: அரை இஞ்சில் ஒன்றேகால் சுற்று இந்தப் பக்கம், ஒன்றேகால் சுற்று அந்தப் பக்கம். உங்கள் மரையின் பிழையைத் தன் பிழையோடு கூட்டித்தான் அது காட்டும். கேஜ் விலை அதிகம்தான். நாலு பட்டறை சேர்ந்து ஒன்று வாங்கி வைத்துக்கொள்ளலாம்.

உள் மரை

டேப்பர் டேப்பு (டேப்பராக உள் மரை வெட்டும் டூல்) சாதா டேப்பு மாதிரி இல்லை. அதன் நீளம் முழுவதும் ஒரே நேரத்தில் வெட்டும். அதனால் பாரம் எக்கச்சக்கம். நேர்த் துளைக்குள் அப்படியே இறக்கினால் உள்பக்கம் சதை அதிகம் இருந்து மரை கிழியும். முதலில் 17.5 துளை போட்டு, 16க்கு 1 ரீமரால் அல்லது போரிங் பாரால் டேப்பர் ஆக்கிவிட்டு டேப்பு இறக்குங்கள். வாயில் மரையின் அடிப்படை உள் விட்டம் 18.63. அரைச் சுற்று முன்னே, கால் சுற்று பின்னே என்று சுருளை உடைத்துக்கொண்டே போங்கள்.

பெரும்பாலானவர்கள் கெடுப்பது ஆழத்தில். சாதா டேப்பை எவ்வளவு இறக்கினாலும் துளை பெரிதாகாது. டேப்பர் டேப்பு ஒவ்வொரு சுற்றுக்கும் விட்டத்தை 0.11 பெரிதாக்கிக்கொண்டே போகும். “அடி வரைக்கும் இறக்கிடு” என்ற பேச்சுக்கே இங்கே இடமில்லை. பிளக் கேஜ் (துளைக்குள் ஏற்றும் கேஜ்) வைத்துப் பார்த்து, நிற்க வேண்டிய இடத்தில் டேப்பில் ஒரு கோடு போட்டுக்கொள்ளுங்கள்.

சிஎன்சியில்

ஜி76இல் (மரை வெட்டும் கட்டளையில்) எல்லோரும் தடுக்குகிற இடம் டேப்பரைச் சொல்லும் ஆர் மதிப்பு. மரையின் நீளத்தை மட்டும் எடுத்துக் கணக்குப் போடுவார்கள். டூல் முனைக்கு வெளியே தொடங்குகிற தூரமும் அதில் சேர வேண்டும். இசட் 5இல் தொடங்கி இசட் -15இல் முடிகிறது என்றால் ஓட்டம் 20 மி.மீ. 32ஆல் வகுத்தால் 0.625. வெளி மரையில் சக் பக்கம் விட்டம் பெரிதாகிப் போவதால் ஆர் -0.625. 15ஐ மட்டும் எடுத்து 0.469 போட்டால் டேப்பர் படுத்துவிடும், கேஜ் பின்னால் ஆடும்.

எக்ஸ் மதிப்பு முடிவுப் புள்ளியின் அடி விட்டம். இசட் -15இல் உச்சி 20.955 கூட்டல் 6.8ஐ 16ஆல் வகுத்தது, அதாவது 21.380, அதிலிருந்து இரு பக்க ஆழமான 2.324 கழித்தால் 19.056. டூல் கோணத்துக்கு 55, பிட்ச்சுக்கு எஃப் 1.814. சுற்று வேகத்தை ஜி97இல் மாறாமல் வையுங்கள். கேஜ் காட்டும் குறையை 16ஆல் வகுத்து, விட்டத்துக்கான டூல் ஆஃப்செட்டில் போடுங்கள். ஆஃப்செட்டை ஆரத்தில் கேட்கிற மெஷினில் மட்டும் 32.

பொருத்துவது, சோதிப்பது

டெஃப்ளானை முனை உங்களைப் பார்க்கும்படி பிடித்து கடிகாரச் சுற்றில் இழுத்துச் சுற்றுங்கள். முதல் மரையை விட்டுவிடுங்கள்; அங்கே சுற்றினால் நைந்து உள்ளே போய் வால்வை அடைக்கும். ஹைட்ராலிக் வேலைக்கு நான் டேப் பக்கமே போவதில்லை, பேஸ்ட்தான். ஸ்டெயின்லெஸ்ஸோடு ஸ்டெயின்லெஸ் சேரும்போது மரை கடித்துக்கொள்ளும். அதற்கும் ஏற்ற பேஸ்ட் வேண்டும்.

கையால் இறுகிய பிறகு ரென்ச்சில் ஒன்றரையிலிருந்து இரண்டேமுக்கால் சுற்று. சரியாக வெட்டிய மரை கேட்பது அவ்வளவுதான். அரைச் சுற்றிலேயே கல்லாக நின்றாலோ, நாலு சுற்று போயும் இறுகாவிட்டாலோ இறுக்குவதை நிறுத்திவிட்டுக் கழற்றி கேஜ் போடுங்கள். பித்தளையிலும் பிளாஸ்டிக்கிலும் பலத்தைக் காட்டினால் வெளி ஃபிட்டிங் பிளந்துவிடும்.

சோதனைக்குத் தண்ணீர்த் தொட்டியில் மூழ்கவைத்துக் குறைந்த அழுத்தக் காற்று, குமிழி காட்டிக்கொடுக்கும். அதிக அழுத்தத்துக்குத் தண்ணீர் நிரப்பித்தான் பம்ப் செய்ய வேண்டும். அழுத்திய காற்றோடு ஃபிட்டிங் தெறித்தால் அது தோட்டாதான்.

எல்போ நிற்க வேண்டிய திசையைத் தாண்டிப் போய்விட்டால் கொஞ்சம் பின்னுக்குத் திருப்பி நிறுத்தத் தோன்றும். கூடாது. பின்னுக்குத் திருப்பினால் இறுக்கம் தளர்ந்து, சந்தை நிரப்பியிருந்த டெஃப்ளான் பிய்ந்துவிடும். இரண்டேமுக்கால் சுற்றுக்குள் இடம் இருந்தால் முன்னேயே கொண்டுபோய் அடுத்த முறை திசைக்கு வரும்போது நிறுத்துங்கள். இல்லையென்றால் முழுக்கக் கழற்றி, பழைய டேப்பைச் சுரண்டிவிட்டு, புதிதாகச் சுற்றி ஏற்றுங்கள்.